மணிச்சத்தை அளந்தவர்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் பச்சை பிடிக்கிறது. அப்பயிரும், வரப்பில் நிற்கும் கொக்கும், களையெடுக்கும் பெண்களும் ஏடிபி என்னும் ஒரே மூலக்கூறைச் செலவிட்டே உயிர்வாழ்கின்றனர். உயிர்களின் பொது நாணயம் அது. ஆனால் பணத்தைப்போல் குவித்துவைக்க இயலாது. நொடிதோறும் புதிதாக அச்சிட்டாக வேண்டும்.

தசையில் அந்த மூலக்கூறைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் பகையைத் தேடிக்கொண்டார், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. 1923இல் பாஸ்டன் சென்றார். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார்.

1925இல் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, நீல நிறத்தின் அடர்த்தியைக்கொண்டு பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். அதன் துணையால் 1927இல் தசையின் கையிருப்பான பாஸ்போகிரியேட்டினும், 1929இல் ஏடிபியும் வெளிப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு நிரந்தரப் பணி தரவில்லை. 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தின் தயாரிப்பும், யானைக்கால் நோய்க்கு நம் அரசு வழங்கிவரும் டிஇசி மாத்திரையும் அங்கு அவர் வழிநடத்திய ஆய்வின் பயன்கள். 1948இல், 53ஆம் வயதில், இந்தியக் குடிமகனாகவே நியூயார்க்கில் மறைந்தார்.

நைட்ரஜனைப்போல் மணிச்சத்து காற்றிலிருந்து வருவதில்லை. பாறை கரைந்தும் இலைச்சருகு மட்கியும் பொதிகையிலிருந்து ஆற்றோடு சிறிது வரும்; அறுவடையோடு வெளியேறும் மிச்சத்தை ஈடுசெய்ய, பெரும்பாலும் இறக்குமதியான பாறையிலிருந்து உரம் செய்கிறோம். நம் மண் பரிசோதனை நிலையங்களில் மணிச்சத்தைக் காட்டுவது இன்றும் ஒரு நீல நிறமே.