பழி சுமந்த கார் பந்தய வீரர் பியேர் லெவெக்

செப்பாங்கில் கார் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். டயர் மாற்றவும் எண்ணெய் ஊற்றவும் கார்கள் ஒதுங்கும் பாதைக்கும் பந்தயச் சாலைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கும். ரசிகர்கள் உயரமான கம்பி வேலிக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். டிக்கெட் வாங்கி வந்தும் கிட்டே போய்ப் பார்க்க முடியவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தச் சுவரும் வேலியும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பியேர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் வராமல் போகாது.

அவர் 1905 டிசம்பர் 22ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். இயற்பெயர் பியேர் பூய்யான். அவருடைய உறவினர் ஆல்ஃபிரட் வெல்க், மோட்டார் கார் பிறந்த புதிதிலேயே பந்தயங்களில் ஓடி வென்றவர். அவர் தம் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி லெவெக் என்று வைத்துக்கொண்டு ஓடினார், 1904ல் இறந்துவிட்டார். பியேர் அவரை நேரில் கண்டதே இல்லை. ஆனாலும், தாம் பந்தயத்துக்கு வந்தபோது அதே பெயரைச் சூட்டிக்கொண்டார். டென்னிஸும் பனிச்சறுக்கு ஹாக்கியும் நன்றாக ஆடியவர் என்றாலும் மனம் முழுக்கக் காரில்தான்.

பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமே அவருடைய கனவு. அந்தக் காலத்தில் ஒரு காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். 1951ல் அங்கே நான்காம் இடம் கிடைத்தது. அதே காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயங்கள் ஆறில் டால்போ காரில் ஓடினார். அவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊரையே பேச வைத்தது 1952. அந்த ஆண்டு லெ மானில் அவர் தம் டால்போ காரைக் கூட்டாளியிடம் கொடுக்கவே இல்லை. இரவு முழுக்க, மறுநாள் காலை, பிறகு நண்பகல் என்று 22 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆளாக ஓட்டினார். இயந்திரத்தில் ஏதோ அதிர்வு தெரிந்ததாகவும், அதைப் பக்குவமாக ஓட்டத் தம்மால்தான் முடியும் என்று அவர் நினைத்ததாகவும் சொல்வார்கள். பின்னால் வந்த ஜெர்மனியின் மெர்சிடிஸ் கார்களைவிட நான்கு சுற்று முன்னே இருந்தார். முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது இயந்திரம் உடைந்தது. மெர்சிடிஸ் முதல் இரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டது. போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். கூட்டாளிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தால் பிரான்ஸ் வென்றிருக்குமே என்று சொந்த நாட்டு மக்களே அவரைக் கடிந்துகொண்டார்கள்.

அந்த ஓட்டத்தை மறக்காத ஒருவர் எதிர் அணியில் இருந்தார். மெர்சிடிஸ் அணியின் மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பவர் 1955ல் லெவெக்கை அழைத்துத் தம் அணியில் இடம் கொடுத்தார். கூட்டாளி ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். லெவெக்குக்கு அப்போது வயது 49.

இங்கே அந்தத் தளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லெ மான் பந்தயம் 1923ல் தொடங்கியது. அன்றைய கார்களுக்குப் போதுமானதாக இருந்த சாலையில், 1955ல் மணிக்கு 250 கிலோ மீட்டரைத் தாண்டும் கார்கள் ஓடின. கார்கள் ஒதுங்கி நிற்கும் இடத்துக்குத் தனிப் பாதை இல்லை, சுவரும் இல்லை. ஓடும் சாலையின் ஓரத்திலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். அதற்கு நேர் எதிரே ஒரு மண் கரை, ஒரு மர வேலி. அதை ஒட்டித் தோளோடு தோளாக மக்கள். எட்டிப் பார்க்க நாற்காலி மீதும் ஏணி மீதும் ஏறி நின்றவர்கள்கூட இருந்தார்கள். அன்று திரண்ட கூட்டம் சுமார் இரண்டரை லட்சம்.

ஜூன் 11, சனிக்கிழமை. மாலை 4 மணிக்குத் தொடங்கிய பந்தயத்தில் ஜாகுவார் ஓட்டிய ஹாதோர்னும் மெர்சிடிஸ் ஓட்டிய ஃபாஞ்சியோவும் விடாமல் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஆறரை மணி நெருங்கும் நேரம். ஹாதோர்ன், மேக்லின் என்பவரின் ஆஸ்டின் ஹீலி காரை முந்திய கையோடு எண்ணெய் நிரப்ப வலப்பக்கம் ஒதுங்கி பிரேக் போட்டார். பின்னால் வந்த மேக்லின் மோதாமல் தப்ப இடப்பக்கம் விலகினார். அந்தப் பக்கம்தான் லெவெக் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். கடைசி நொடியில் அவர் கையை உயர்த்தி, பின்னால் வந்த ஃபாஞ்சியோவை எச்சரித்தார். தாம் உயிர் பிழைத்தது அந்தக் கையால்தான் என்று ஃபாஞ்சியோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

லெவெக்கின் கார் முன்னால் இருந்த காரின் சரிவான பின்பகுதியில் ஏறிப் பறந்து, மண் கரையில் மோதிச் சிதறியது. இயந்திரமும் முன் அச்சும் மூடியும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவெக் தூக்கி வீசப்பட்டு அங்கேயே இறந்தார். காரின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. அதன் மீது தண்ணீர் அடித்தால் தீ இன்னும் மூளும். தீயணைப்பாளர்கள் தண்ணீரைத்தான் அடித்தார்கள். தீ மணிக்கணக்கில் எரிந்தது. பார்வையாளர்களில் 83 பேர் மாண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். கார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. இத்தனை லட்சம் பேர் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஆம்புலன்ஸ் போக வழி இருக்காது என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். கேட்க மனம் பதறினாலும் அதில் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் நள்ளிரவுக்குப் பிறகு தன் கார்களை விலக்கிக்கொண்டது. ஹாதோர்ன் தொடர்ந்து ஓடி வென்றார்.

பிறகு பழி தேடும் படலம். வயதானவருக்கு அந்தக் காரைக் கொடுத்ததே தப்பு என்று சிலர் இறந்தவர் மீதே போட்டார்கள். சிலர் ஹாதோர்னை, சிலர் மேக்லினைச் சாடினார்கள். ஹாதோர்ன் எழுதிய நூல் தம்மைக் குற்றவாளியாக்குகிறது என்று மேக்லின் வழக்கே தொடுத்தார். அது முடிவதற்குள், 1959 ஜனவரியில், ஹாதோர்ன் சாலை விபத்தில் இறந்தார். அரசு விசாரணையோ எந்த ஓட்டுநரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. பத்துக் காரணம் சொன்னாலும், ஒரு மண் கரையை நம்பி அத்தனை பேரைச் சாலை ஓரத்தில் நிற்க விட்டது எந்த ஓட்டுநரும் இல்லை.

அந்த ஆண்டே பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்கள் ரத்தாகின. சுவிட்சர்லாந்து சுற்றுப் பந்தயத்தையே தடை செய்தது; அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. மெர்சிடிஸ் ஆண்டு இறுதியில் பந்தயத்தை விட்டு விலகிப் பல்லாண்டுகள் திரும்பவில்லை. லெ மானில் பழைய மேடையை இடித்து, சாலையை அகலமாக்கி, ரசிகர்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். மற்ற இடங்கள் உடனே பாடம் படித்தன என்று சொல்ல முடியாது. 1957ல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் டயர் வெடித்து ஒரு கார் சாலையோரக் கூட்டத்தில் பாய்ந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பார்வையாளர்கள் இறந்தார்கள். சாலைப் பந்தயமாக அது அத்தோடு முடிந்தது.

அன்று தலைக்கவசத்தோடு தம் முறைக்காகக் காத்திருந்தவர் கூட்டாளி ஜான் ஃபிட்ச். லெவெக்கின் மனைவியும் அங்கேதான் இருந்தார். அந்தக் காரை ஃபிட்ச் ஒரு சுற்றுக்கூட ஓட்டவில்லை. பின்னாளில் அவர் சாலைப் பாதுகாப்பிலேயே இறங்கி, மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்து மோதலின் வேகத்தை உறிஞ்சும் தடுப்பை உருவாக்கினார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில், சாலை இரண்டாகப் பிரியும் இடங்களில், மஞ்சள் நிறத்தில் அந்தப் பீப்பாய்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கு அவர் பெயர்தான்.