ஜனாதிபதி கென்னடியின் முதுகு வலி

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிரித்த முகம். வாலிபத் தோற்றம். ஆனால் அவருக்குத் தீராத முதுகு வலி. குனிந்து காலில் பூட்ஸ் மாட்ட முடியாத நாட்கள் உண்டு. வல்லத்திராக்கோட்டையில் பொழுதெல்லாம் குனிந்து நாற்று நட்டுவிட்டு, இரவில் இடுப்புக்கு ஒத்தடம் கேட்கும் பெண்ணுக்கு அந்த வேதனை புரியும்.

கடலில் 4 மணி நேரம்

கென்னடி 1917-ல் பிறந்தார். பெரிய பணக்காரரின் மகன். கல்லூரியில் படிக்கும்போதே முதுகில் தொல்லை. அப்படியும் யுத்தத்தின்போது கடற்படையில் சேர்ந்தார்.

1943 ஆகஸ்டு 2. சாலமன் தீவுகள் அருகே அவருடைய சிறு படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதிப் பிளந்தது. 2 பேர் மாண்டனர். தீக்காயம் பட்ட ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்து இழுத்தபடி, சுமார் 4 மணி நேரம் நீந்திக் கரை சேர்ந்தார் கென்னடி. முதுகு இன்னும் கெட்டது.

கத்தி

1944-ல் முதல் ஆபரேஷன். வலி போகவில்லை.

1954 அக்டோபரில் நியூயார்க்கில் இரண்டாவது ஆபரேஷன். முதுகெலும்பில் உலோகத் தகடு வைத்தார்கள். கென்னடிக்கு அடிசன் நோய் என்ற சுரப்பிக் கோளாறும் இருந்தது. அந்த நோய் உள்ளவரைக் கத்தியால் தொடுவதே ஆபத்து. கிருமி தாக்கியது. நினைவு தப்பியது. பாதிரியார் வந்து கடைசி ஜெபமும் செய்துவிட்டார்!

எப்படியோ பிழைத்தார். 1955-ல் முதுகை மறுபடி திறந்து தகட்டை எடுத்தார்கள். 1957-ல் சீழை எடுக்க இன்னொரு தடவை. ஆக 4 ஆபரேஷன். கையில் பணம் இருந்ததால்தான் இத்தனை கத்தி பட்டாரோ என்று தோன்றுகிறது.

பெண் டாக்டரின் ஊசி

1955-ல் ஜேனட் டிராவெல் என்ற பெண் டாக்டரிடம் போனார். இந்த அம்மையார் தசையைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சு விழுந்து வலிக்கும் இடங்களில் மரத்துப் போகும் மருந்தை ஊசியால் ஏற்றினார். இடது கால் சற்றுக் குட்டை என்று கண்டு, அந்தக் கால் பூட்ஸின் குதியை உயர்த்தினார். ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி உலகப் பிரசித்தி அடைந்தது.

1961-ல் கென்னடி ஜனாதிபதி ஆனார். டிராவெல் அவருடைய டாக்டர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அதே ஆண்டு மே மாதம் கனடாவில் மரம் நடும் விழா. மண்வெட்டியால் மண்ணை அள்ளினார் கென்னடி. முதுகு பிடித்துக்கொண்டது. ஊசி போட்டால் வலி இறங்கும். மறுபடி வரும். மறுபடி ஊசி. தசையோ பலவீனமாகவே இருந்தது.

தேகப் பயிற்சி

அக்டோபரில் ஹான்ஸ் கிரௌஸ் என்ற டாக்டரை அழைத்தார்கள். மலையேறுவதில் சூரர் அவர். வயிற்றிலும் முதுகிலும் தசைக்கு வலுவில்லை என்று கண்டார். ஊசியை நிறுத்தச் சொன்னார். வாரம் 3 நாள் பயிற்சி, அவ்வளவுதான் வைத்தியம். சில மாதங்களில் வலி நன்றாகக் குறைந்தது.

2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட ஆலோசனையும் இதே வழிதான். சாதாரண இடுப்பு வலிக்கு முதலில் சூடு, பிடித்துவிடுதல், தேகப் பயிற்சி. ஆனால் கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ ஒத்தடம் போதாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடுப்பில் கட்டும் பட்டையை மட்டும் கென்னடி விடவில்லை. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 46. அன்றும் அந்தப் பட்டையைக் கட்டியிருந்தார்.