பாண்டு மெட்டுக்குப் பாட்டு எழுதிய தீட்சிதர்

நம் குடியிருப்பில் பள்ளி பாண்டில் வாசிக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கொடுத்த நோட்டைப் பிசகாமல் வாசிப்பார்கள். நீயே ஒரு மெட்டு போடேன் என்றால், அதெல்லாம் பெரிய வித்வான்கள் வேலை என்று நழுவிவிடுவார்கள். இவர்களும் இவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்க்கை.

தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். சங்கீத மும்மூர்த்திகளில் வயதில் இளையவர். தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர்தான் ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர். கச்சேரிகளில் முதலில் பாடும் 'வாதாபி கணபதிம்' அதே ராகத்தில் மகன் செய்தது.

மணலியில் இருந்த முத்துகிருஷ்ண முதலியார் இந்தக் குடும்பத்தை அழைத்து வைத்து ஆதரித்தார். இன்று சுத்திகரிப்பு ஆலையும் தொழிற்சாலைகளுமாக, நம் ஒரகடம் போலவே இருக்கும் அதே மணலிதான். அவர் மகன் சின்னையா முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷி. அந்தப் பழக்கத்தில் தீட்சிதர் சகோதரர்களுக்கு செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது.

தம்பி பாலுசுவாமி அங்கிருந்து வயலின் கற்றுக்கொண்டார். நம் கச்சேரி மேடைக்கு வயலின் வந்த வழி அதுதான். அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் ஸ்வரங்கள் நம் சங்கராபரணத்துக்குப் பொருந்தி வந்தன. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சமஸ்கிருதத்தில் சுவாமி பேரில் புதிதாகச் சொற்களை அமைத்தார். இப்படிப் பிறந்தவை சுமார் 40 பாடல்கள். நோட்டுஸ்வர சாகித்யம் என்று பெயர். பிள்ளைகள் மழலையர் வகுப்பில் பாடும் ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டு பழைய பிரெஞ்சு மெட்டு. தீட்சிதரின் 'சியாமளே மீனாக்ஷி'யும் அதே மெட்டுதான். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டில் அமைந்தது.

இவற்றில் கமகம் கிடையாது. ஸ்வரம் நேராக நிற்கும், எண்ணிக்கை சீராக ஓடும். அதனால்தான் பாட்டு வகுப்பிலும் வீணை வகுப்பிலும் சிறு பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பின்னர் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். இந்துஸ்தானி இசையும் வேதாந்தமும் பயின்றார். திரும்பி வந்து திருத்தணியில் பாடிய முதல் கிருதி மாயாமாளவகௌளையில். பிள்ளைகள் சரளி வரிசை பழகும் அதே ராகம். அதன்பின் சில ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் தங்கினார். நம் வாசலிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போகிற ஊர்தான்.

திருவாரூருக்குத் திரும்பியபின் செய்த நவக்கிரகக் கிருதிகள் தாளம் பழகுகிறவர்களுக்குப் பொக்கிஷம். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிரகங்களுக்கும் துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு தாளங்களையும் வரிசை மாறாமல் வைத்தார். கிழமையைச் சொன்னால் தாளம் நினைவுக்கு வரும். சுத்த மத்தளம் வாசித்த சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர வேண்டி இவற்றைத் தொடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தஞ்சை நால்வர் என்று பெயர் பெற்ற பொன்னையா சகோதரர்களும் இவரிடம் பயின்றவர்களே.

1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார். அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அவர் கிருதிகளை ஸ்வரத்தோடு நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது.

வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. முதல் கடன் வாங்கியதாக இருக்கலாம். அதை வைத்து ஈட்டியது நம்முடையது. இரவல் மெட்டு என்று தீட்சிதர் கூச்சப்படவில்லை, பாண்டு சத்தம் என்று முகம் சுளிக்கவும் இல்லை.

நம் பிள்ளைகளும் அந்த வழியில் தொடங்கலாம். முதல் வாரம், தெரிந்த ஒரு மெட்டுக்குச் சொந்தமாக நான்கு வரி எழுதட்டும். தமிழோ, தெலுங்கோ, இந்தியோ, வீட்டில் பேசும் மொழி எதுவானாலும் சரி. அடுத்த வாரம், அந்த மெட்டின் கடைசி வரியை மட்டும் மாற்றட்டும்; எப்படிச் சுற்றினாலும் ஸட்ஜத்தில் வந்து முடியட்டும். மூன்றாவது வாரம், ஸ ரி க ம ப என்ற ஐந்து ஸ்வரங்களுக்குள் எட்டு எண்ணிக்கையில் முழுதாக ஒன்று போடட்டும். டிரம் வாசிக்கும் பிள்ளை அதற்குக் கைதட்டி ஒரு நடை கண்டுபிடிக்கட்டும்.

கிளப் ஹவுஸில் மாலையில் பாண்டு பயிற்சி வேண்டாம், தொந்தரவாக இருக்கிறது என்று சில வீடுகளிலிருந்து குறை வந்திருக்கிறது. இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குகிறவர்கள் இருக்கும் இடம் இது. அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அறவே கூடாது என்று முடிவெடுக்காமல், வாரத்தில் இரண்டு நாள், மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் நான் இதற்காகக் கை தூக்குவேன். நீங்களும் தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.