அலிகார் மாணவர் விடுதியை எழுப்பிய சர் ஸையத் அஹ்மத் கான்



பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பும் தகப்பனாருக்கு முதற்கவலை, அவன் எங்கே தங்குவான், தொழுகையை விடாமல் தொழுவானா என்பதே. அக்கவலைக்கு வழி கண்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை இங்கு எழுதுகிறோம்.

சர் ஸையத் அஹ்மத் கான் அவர்கள் 1817 அக்டோபர் 17-ல் டில்லியில் பிறந்தார்கள். கும்பினி நீதிமன்றங்களில் உத்தியோகம் பார்த்தார்கள். 1857 கலகத்துக்குப் பின் முஸ்லிம்கள் நொடிந்து கிடந்தது அன்னாரின் மனத்தை வாட்டியது. 1869-ல் இங்கிலாந்து சென்றபோது, கேம்பிரிட்ஜில் மாணவர்கள் கலாசாலையிலேயே தங்கிப் படிப்பதைக் கண்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமென்று உறுதி கொண்டார்கள்.

1875-ல் அலிகாரில் பாடசாலை திறந்தார்கள். 1877-ல் பழைய பட்டாள மைதானத்தில் கலாசாலைக்குக் கால்கோளிடப்பட்டது. மாணவர் தங்க முதலில் எழுந்தவற்றில் மண்சுவரும் கூரையும் கொண்ட கொட்டகைகளும் உண்டு. செங்கல் அறைகள் பணம் சேரச் சேரத்தான் எழுந்தன. பணம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்தார்கள். அவற்றில் இந்துக்கள் பெயரும் ஆங்கிலேயர் பெயரும் உண்டு. வசூலுக்காக மேடையேறவும் அன்னார் வெட்கப்படவில்லை. சில உலமாக்கள் கடுமையாக எதிர்த்து பத்வாவும் கொடுத்தனர், வேலை நிற்கவில்லை.

ஒரு பேரிடியும் விழுந்தது. கணக்கெழுதிய உத்தியோகஸ்தர் கலாசாலைப் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கையாடியது 1895-ல் வெளியாயிற்று. கல்லாவில் உட்காரும் நமக்கு இது நன்றாக விளங்கும்: நம்பிக்கை வேறு, கணக்குப் பார்ப்பது வேறு. பொதுப்பணத்துக்கு இரண்டும் வேண்டும்.

1898 மார்ச் 27-ல் அன்னார் வபாத்தானார்கள். கலாசாலைப் பள்ளிவாசலின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். பின்வந்தவர்கள் கைவிடவில்லை. 1906-ல் அவ்வூரில் தொடங்கிய பெண்கள் பாடசாலைக்கு 1914-ல் விடுதி அமைந்தது. கலாசாலை 1920-ல் பல்கலைக்கழகமாயிற்று. மண்கொட்டகை இருந்த இடத்தில் இன்று விடுதிகள் பலப்பல. பல்லாயிரம் மாணவர் தங்கிப் படிக்கின்றனர்.

ஒரே தனவந்தர் ஒரே நாளில் கட்டிய மாளிகையன்று அது. ஒருவர் ஓர் அறை கொடுத்தார்; அடுத்த தலைமுறை இன்னொன்று கட்டிற்று. நம் தாசேக் கெலுகோர் பிள்ளைகளும் படிப்புக்காக ஊர் விட்டுப் போகிறார்கள். ஆளுக்கொரு செங்கல் என்று தொடங்கினாலும் போதும். கூரையை நம் மக்கள் போட்டுக்கொள்வார்கள்.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.