பிரெட் ஆர்ச்சர்

குதிரைப் பந்தயம் இருவகைப்படும். வேலியும் அகழியும் தாண்டி ஓடுவது ஒன்று. தடையற்ற புல்வெளியில் விரைந்தோடுவது மற்றொன்று. குதிரை சுமக்கவேண்டிய எடை முன்னரே வரையறுக்கப்படுவதால், அதனைச் செலுத்தும் ஜாக்கி மெலிந்த உடலினராயிருத்தல் வேண்டும். சமதளப் பந்தயத்தில் ஒப்பற்று விளங்கிய பிரெட் ஆர்ச்சரோ 5 அடி 10 அங்குல உயரமுடையவர். அவ்வுயரமே அவர்க்கு வாழ்நாட் பகையாயிற்று.

ஆர்ச்சர் 1857ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாமில் பிறந்தார். தந்தையாரும் பந்தய வீரரே. 1858இல் தடைதாண்டும் பந்தயங்களிற் பெரிதான கிராண்டு நேஷனலில் வென்றவர். மைந்தர் பதினோராம் வயதில் நியூமார்க்கெட் நகரில் மாத்யூ டாசன் என்னும் பயிற்சியாளரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1874 முதல் 1886 வரை பதின்மூன்று ஆண்டுகளும் நாட்டின் முதன்மை ஜாக்கியாகத் திகழ்ந்தார். 8,084 முறை களம் புகுந்து 2,748 முறை வாகை சூடினார்.

1880ஆம் ஆண்டு மே மாதம், காலைப் பயிற்சியின்போது ஒரு குதிரை அவருடைய கையைக் கவ்விச் சிதைத்தது. புண் ஆறுமுன்னரே டெர்பிப் பந்தயம் வந்துற்றது. கட்டிய கையுடன் பெண்டு ஆர் என்னும் குதிரைமீதமர்ந்தார். இறுதி நேர்வழியில் எதிரிக் குதிரை முந்திச் சென்றது. கைச்சாட்டை நழுவி வீழ்ந்தது. எனினும் ஒரு தலையளவில் வென்றார்! அவர் வென்ற ஐந்து டெர்பிகளுள் இதனையே வியப்புமிக்கதெனலாம்.

இவ்வெற்றிகளின் விலை பெரிது. எடை குறைப்பதற்காக உணவைச் சுருக்கினார். வெந்நீராவிக் குளியலாலும் கடுமையான பேதி மருந்தாலும் உடலை வாட்டினார். சிக்கனத்தில் மிக்கவர் என்று சிலர் அவரை எள்ளினர்; பசித்துப் பொருளீட்டியவர் அதனை எளிதிற் செலவிடாமை வியப்பன்று.

1883இல் டாசனின் உறவினளாகிய ஹெலன் ரோஸை மணந்தார். அடுத்த ஆண்டிலேயே ஆண்மகவு இறந்தது. நவம்பரில், ஒரு பெண்மகவை ஈன்று மனைவியும் மறைந்தாள். துயரை மறக்கவோ என்னுமாறு 1885இல் ஓயாது குதிரையூர்ந்து 246 வெற்றிகள் பெற்றார்.

1886 அக்டோபரில், கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காகப் பட்டினியால் உடலை மேலும் மெலிவித்தார். அங்ஙனம் வருந்தியும் குறித்த எடைக்கு ஓர் இராத்தல் மிகுந்தே நின்றது. அம்முறை ஒரு தலையளவில் தோல்வியே கிட்டியது. நலிந்த உடலைக் குடற்காய்ச்சல் பற்றியது. காய்ச்சலின் மயக்கத்திலும் மனச்சோர்விலும் அறிவு கலங்கி, நவம்பர் 8ஆம் நாள், தம் இருபத்தொன்பதாம் வயதில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். நியூமார்க்கெட் நகரம் துயருள் மூழ்கியது.

ஓராண்டில் 246 வெற்றி என்னும் அவருடைய அளவை, 1933இல் கார்டன் ரிச்சர்ட்ஸ் 259 வெற்றிகள் பெற்றுக் கடக்கும்வரை எவரும் எட்டிலர்.