ஊர்ப்பெயர் காத்த பெரியார் கல்லடி வேலுப்பிள்ளை

ஈழத்திலே தமிழ் வளர்த்த பெரியோரை எண்ணும்போது ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோரின் பெயர்களே எமது நினைவில் முன்னிற்கும். அது தக்கதே. ஆயினும், கிராமம் ஒன்றையே தமது தொழிற்களமாகக் கொண்டு, பத்திரிகை நடத்தி, பாட்டியற்றி, தம்மைச் சூழ்ந்திருந்த ஊர்களின் வரலாற்றை நூலாக்கி வைத்த பெரியார் ஒருவரை மறத்தல் ஆகாது. அவரே ஆசுகவி கல்லடி வேலுப்பிள்ளை அவர்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த வசாவிளானில், 1860ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அன்னார் பிறந்தார். வீட்டருகே பெரிய கல்லொன்று கிடந்தமையாற் கல்லடி என்னும் அடைமொழி அவர் பெயரோடு சேர்ந்ததென்பர். ஊரார் அவரைக் கல்லடி வேலன் என்றே உரிமையோடு அழைத்தனர். 1944ஆம் ஆண்டு மறையும்வரை அப்பெயரே நிலைத்தது.

அவர் கைக்கொண்ட தொழிலின் சிறப்பை உணரவேண்டுமாயின், அச்சு யாழ்ப்பாணத்துக்கு வந்த வழியைச் சிறிது நோக்குதல் நன்று. அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் அச்சியந்திரம் வைத்து நடத்தினர். அவர்களது உதயதாரகை 1841ஆம் ஆண்டிலே தோன்றிற்று. பின்னர் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிச் சைவ நூல்களை வெளியிட்டார். மிஷன் பாடசாலையிற் கற்ற எம்போன்றோர் இவற்றுள் முன்னையதை வகுப்பிலே கேட்டோம். பின்னையதை வீட்டிற் பெரியோர் வாயிலாக அறிந்தோம். இவ்விரண்டுக்கும் பின்னே கிராமத்து மனிதர் ஒருவர் அதே கருவியைத் தம் கையில் எடுத்த கதையை எமக்குச் சொல்வார் அரியர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலே வேலுப்பிள்ளை அவர்கள் சுதேச நாட்டியம் என்னும் பத்திரிகையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். அக்காலத்து அச்சுவேலை எளிதன்று. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்கவேண்டும். பிழை பார்த்துத் திருத்தவேண்டும். தாள் அச்சாகி முடிந்ததும் அவற்றைக் கலைத்து மீண்டும் உரிய அறைகளில் இடவேண்டும். வாசிப்போர் தொகை குறைந்த நாட்டிலே, சந்தாப் பணத்தை நம்பி ஒரு பத்திரிகையை இவ்வாறு நடத்துதற்குப் பொறுமையும் துணிவும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

நினைத்த மாத்திரத்தே செய்யுள் பாடும் ஆற்றல் பெற்றிருந்தமையால் ஆசுகவி எனப்பட்டார். அவருடைய நகைச்சுவையையும் துடுக்கையும் பற்றிய கதைகள் இன்றும் ஊர்தோறும் வழங்குகின்றன. அவற்றுட் சில பிறருக்குரியனவாகவும் இருக்கலாம். நல்ல கதைக்கு நாயகன் தேடும் ஊர் அவரையே நாடியதும் ஒரு பெருமைதான். அந்நகைச்சுவையை அவர் பொதுநன்மைக்கும் பயன்படுத்தினார். மேலைநாட்டு மதுபானம் குடும்பங்களைக் கெடுப்பதைக் கண்டு, மேலைத்தேய மதுபான வேடிக்கைக் கும்மி பாடினார். கும்மி படிப்பறியாதாரும் கூடிப் பாடக்கூடியது. புத்தகம் புகாத வீட்டுக்குள்ளும் அது புகும்.

அன்னாரது பெரும்பணி 1918இல் வசாவிளானிலிருந்து வெளிவந்த யாழ்ப்பாண வைபவ கௌமுதியாகும். வைபவம் என்பது வரலாறு. கௌமுதி என்பது நிலவு. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். 1912இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை யாழ்ப்பாணச் சரித்திரம் வெளியிட்டார். முதலியார் செ. இராசநாயகத்தின் ஆங்கில நூல் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இலும் வந்தன. இவ்வரிசையிலே கௌமுதிக்குத் தனியிடம் உண்டு. மன்னர் பரம்பரையோடு நில்லாது, ஊர்ப்பெயர்களின் வரலாற்றையும் அது ஆராய்ந்தது. சிங்களச் சொற்களோடு உறவுடையனவாகத் தோன்றும் பெயர்களையும் அவர் ஒதுக்கினாரல்லர்.

அவர் கூறிய பெயர்க்காரணங்கள் யாவற்றையும் இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்கமாட்டார்கள். கல்வெட்டும் அகழாய்வும் அவருக்குக் கிட்டாத சான்றுகள் பலவற்றைத் தந்துள்ளன. செவிவழிச் செய்தியையும் சொல்லொற்றுமையையும் அவர் பெரிதும் நம்பினார். எனினும் மறுத்து ஆராய்வதற்கேனும் ஒரு பதிவு வேண்டுமே! எழுதப்படாத செய்தி முதியவர் ஒருவரின் மறைவோடு தானும் மறைந்துவிடும்.

இதன் அருமையைக் காலம் எமக்குக் கொடிய முறையிலே கற்பித்தது. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல் துறந்து வெளியேறினர். வேலுப்பிள்ளை அவர்கள் பிறந்த வசாவிளானும் பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரும் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. வேலியும் ஒழுங்கையும் காடு மூடிய நிலத்திலே, எது யாருடைய வளவு, எது எந்தக் கோயில் வீதி என்று முதியோரின் நினைவைக் கொண்டே தேட நேர்ந்தது. மனிதர் இல்லாத காலத்தில் ஊரின் பெயரைத் தாங்கி நின்றவை அப்பெரியாருடையன போன்ற நூல்களே.

பொரளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் எம்மிற் பலருக்கு, எமது பாட்டன்மாரின் ஊர் விடுமுறையிற் சென்று திரும்பும் இடமாகிவிட்டது. சிலர் அதனைக் கண்டதேயில்லை. காணியின் பெயர், கிணற்றின் பெயர், குளத்தின் பெயர், கோயில் கட்டிய கதை ஆகியவற்றை அறிந்தவர்களோ எமது வீடுகளிலே, சாய்மனைக் கதிரைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதுதற்கு ஈய எழுத்தும் வேண்டா, அச்சியந்திரமும் வேண்டா. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். கல்லடியார் தனித்திருந்து செய்த பணியை நாம் பலர் கூடிச் செய்யலாம். பெரியோரே, எமக்குச் சொல்லித் தாருங்கள். வாலிப நண்பர்களே, இவ்வாண்டே தொடங்குவோம்.