மண்ணின் கணக்கர் குமரப்பா

பொன்னின் வரவுசெலவை ஆராய்ந்தோர் பலர். மண்ணின் வரவுசெலவை ஆராய்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா.

1892 ஆம் ஆண்டு தஞ்சையிற் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், இலண்டனிற் கணக்காய்வு பயின்று பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பின்னர் அமெரிக்காவிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்றார். இந்திய மக்களின் வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பு அவருக்கு அங்கே புலப்பட்டது. 1929 இல் காந்தியடிகளைக் கண்டார். பம்பாய் வாழ்வைத் துறந்து கதர் பூண்டார். 1934 இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது, அதன் செயலாளராகி வார்தாவில் அமர்ந்தார்.

ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலை எழுதினார். தான் நடாத மாந்தோப்பிற் பழம் உண்டு செல்லும் குரங்கின் வாழ்வு ஒருவகை. குஞ்சிற்குத் தன்னலமின்றி ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வு மற்றொருவகை. மனிதன் முன்னதினின்று பின்னதை நோக்கி உயர்தல் வேண்டும் என்பதே அந்நூலின் சாரம்.

பசளை பற்றியும் அவர் கருத்து இதுவே. மண் தந்ததை மண்ணுக்கே மீட்டளித்தல் கடன். எண்ணெய் வித்துக்கள் கடல் கடந்து சென்றால், பிண்ணாக்காய் நிலத்திற்குத் திரும்பவேண்டிய வளமும் உடன் செல்கிறது என்று கண்டு வருந்தினார். கழிவுகளை மக்கவைத்துக் கூட்டெருவாக்குதலை வற்புறுத்தினார். இரசாயனப் பசளையை உணவாகக் கொள்ளாது மருந்தாகக் கருதினார். நோயறிந்த மருத்துவன் அளந்து கொடுப்பதே மருந்து. அதுபோல மண்ணை ஆராய்ந்தவனே பசளையை விதித்தல் வேண்டும், விற்பவன் விதித்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியிற் கழித்து, 1960 ஜனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மறைந்தார்.

அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம் யாது? முள்ளிவாய்க்கால் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம். 2009 ஆம் ஆண்டுப் போரில் மக்களோடு மரங்களும் அழிந்த மண் அது. அங்கே நடப்படும் ஒவ்வொரு தென்னம்பிள்ளையும் ஒரு குடும்பம் மீண்டும் ஊன்றும் வேராகும். மணலோ நீரை நிறுத்தாது. அளவின்றி இட்ட பசளை மழையோடு இறங்கிக் கிணற்று நீரிற் கலக்கும். மரம் பயன் பெறாது, குடிப்போர் துன்புறுவர். ஆகவே முதலில் மண்ணைச் சோதித்தல் வேண்டும். குழை தாழ்த்தும் நம் முன்னோர் வழக்கும், தென்னைக்குப் பொச்சுமட்டை புதைக்கும் முறையும் மணலுக்கு ஈரந்தாங்கும் ஆற்றலைத் தரும். அதன் பின்னரும் குறையிருப்பின், குறையளவிற்கே இரசாயனப் பசளையை அடிமரத்தினின்று சற்று விலகிய வட்டத்தில், பெருமழை தவிர்த்து இடலாம்.

2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. விளைச்சல் குன்றவே அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்தியது. மண்ணைக் கேளாது பசளையை அள்ளிக் கொட்டுதல் தவறு. மண்ணைக் கேளாது அதனை ஒரேநாளில் நிறுத்துதலும் தவறு. கணக்கர் குமரப்பா இரண்டையும் ஏற்றிரார். பாடசாலைத் தோட்டத்தில் மரம் வளர்க்கும் மாணவர்க்கு, மண்வெட்டியோடு ஒரு கணக்கேட்டையும் ஆசிரியர் கொடுப்பாராக.